மூன்றாவது ஜோடியை முதலில் பாருங்கள்

பெண்கள் டென்னிஸ் அணி சேர்க்கிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "உங்க கிளப்ல நம்பர் ஒன் யாரு?" என்றுதான். மூன்று டபுள்ஸ் (ஜோடிக்கு ஜோடி) ஆடி, இரண்டு ஜெயித்தால் அணிக்கு வெற்றி என்று வைத்திருக்கும் போட்டியில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. நன்றாக ஆடுகிற இரண்டு பேர் எந்தக் கிளப்பிலும் இருப்பார்கள். ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வருகிறவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கிறார்களா, நின்றால் சர்வ் உள்ளே விழுகிறதா என்பதில்தான் முடிவு தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் அணி சேர்க்கும் வேலையை மூன்றாவது ஜோடியிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் ஆள் கணக்கு. ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு எட்டுப் பேரைப் பதிவு செய்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, பிள்ளைக்குத் தேர்வு, முட்டி வீக்கம், மாதவிடாய் வலி என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். பத்து வாரத்தில் ஏழு வாரம் வருகிறவரை ஒழுங்காக வருபவர் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் எட்டுப் பேர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறுவது ஐந்தரை. பத்துப் பேர் இருந்தால் ஏழு. சரி, பதினாலு பேரைச் சேர்த்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். ஆறு ஆட்டம் உள்ள சீசனில் மொத்தம் 36 இடம்தான். பதினாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை ஆட்டம். சந்தா கட்டி, ஷூ வாங்கி, வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வந்து, சீசனில் இரண்டு முறை மட்டும் ஆடக் கிடைத்தவர் அடுத்த வருடம் வரமாட்டார். பத்துப் பேர், ஆளுக்குக் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி என்று சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னதைக் காப்பாற்றுங்கள்.

பாண்டியிலும் கடலூரிலும் முப்பத்தைந்து நாற்பது வயதில் ராக்கெட் எடுக்கும் பெண்கள் பலர், பிள்ளையைக் கோச்சிங்கில் விட்டுவிட்டு வெளியே காத்திருந்த நேரத்தில் ஆரம்பித்தவர்கள். ஆனால் முழுக்கப் புதியவர்கள் என்று அவர்களை எண்ணிவிடக் கூடாது. பள்ளியில் பால் பேட்மிண்டன் ஆடியிருப்பார்கள், டென்னிகாய்ட் (ரப்பர் வளையத்தை எறிந்து பிடிப்பது) ஆடியிருப்பார்கள், மொட்டை மாடியில் ஷட்டில் ஆடியிருப்பார்கள். பழைய ஆட்டம் எது என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஷட்டில் ஆடியவருக்குத் தலைக்கு மேல் வரும் பந்தைக் கண்டு பயமில்லை. நெட்டருகே கை வேகமாக வரும். ஆனால் 5 கிராம் இறகுப் பந்துக்குப் பழகிய மணிக்கட்டு 58 கிராம் டென்னிஸ் பந்தை உதறி அடிக்கப் பார்க்கும். பேஸ்லைனிலேயே (கோர்ட்டின் பின்கோட்டில்) நிற்க வைத்தால் சீக்கிரத்தில் முழங்கை வலி என்று உட்கார்ந்துவிடுவார். பால் பேட்மிண்டன் ஆடியவர் தட்டையாக, வேகமாக அடிப்பார். அந்த ஆட்டத்தில் பந்தைத் தரையில் விழவிடுவதில்லை என்பதால் வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது) அவருக்குச் சொல்லிக்கொடுக்காமலே வரும். பந்து எழும்பி வரும்வரை காத்திருக்கத்தான் பொறுமை வராது. டென்னிகாய்ட் ஆடியவருக்குக் கால் நகரும், அதுவே பெரிய சொத்து. ராக்கெட்டே பிடிக்காதவர் என்றால் பச்சைப் புள்ளி போட்ட பந்தில் ஆரம்பியுங்கள். வழக்கமான பந்தைவிட சுமார் 25 சதவீதம் வேகம் குறைவு, முழு கோர்ட்டிலேயே ஆடலாம். அதில் பத்துப் பந்து விடாமல் அடித்துப் பழகிய பிறகு மஞ்சள் பந்துக்கு வரட்டும்.

இனி தகுதி பார்ப்பது. இரண்டு கோர்ட், எட்டுப் பேர், ஒரு மார்க்கர் (கிளப்பில் கூட ஆடிப் பழக்குபவர்), இரண்டரை மணி நேரம் தேவை. எட்டுக்கு மேல் ஆள் இருந்தால் இரண்டு காலையாகப் பிரித்து, முதல் நாள் நடுவில் வந்த இரண்டு பேரை மறுநாளும் ஆட வையுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு நாள் பட்டியலையும் ஒன்றாகக் கோக்க வழியே இருக்காது.

முதல் அரை மணி எண்ணிக்கைக்கு. ஒவ்வொருவரும் செகண்ட் சர்வ் (முதல் சர்வ் தவறினால் போடுவது) மட்டும், டியூஸ் பக்கம் (வலது) பத்து, அட்வான்டேஜ் பக்கம் (இடது) பத்து. வேகம் பார்க்காதீர்கள், எத்தனை உள்ளே விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். 20க்கு 14 விழுகிறவர், முதல் சர்வில் பாதி உள்ளே போட்டாலும், கேமுக்குச் சராசரியாக ஒரு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) கொடுப்பார். அதுதான் கடைசி எல்லை. அதற்கும் கீழே என்றால் சீசனுக்கு முன் சர்வ் பயிற்சி மட்டும் போதும், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து ரிட்டர்ன், அதாவது சர்வைத் திருப்பி அடிப்பது: மார்க்கர் நடுத்தர வேகத்தில் பத்து சர்வ் போடட்டும், எதிரே நெட்டருகே ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்த ஆளைத் தாண்டிக் குறுக்காகப் போன பந்தை மட்டும் எண்ணுங்கள். நெட்டில் ஆள் இல்லாமல் எடுத்த ரிட்டர்ன் கணக்கு டபுள்ஸுக்கு உதவாது.

பிறகு ஆட்டம். கோர்ட்டுக்கு நாலு பேர், மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் பார்ட்னர் மாற வேண்டும். சுற்றுக்கு நாலு கேம், ஆளுக்கொரு சர்வ், டியூஸ் (40-40) வந்தால் ஒரே பாயின்ட்டில் கேம். ஜெயித்த கேமுக்கு அந்த ஜோடியில் இருவர் கணக்கிலும் ஒன்று. பன்னிரண்டு கேம் முடிந்ததும் நாலு பேர் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். 24 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ எழுதத் தவறியிருக்கிறது, அப்போதே சரிபாருங்கள், வீட்டுக்குப் போனபின் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு கோர்ட்டிலும் மேலே வந்த இருவர் இருவராக ஒரு கோர்ட்டுக்கும், மற்ற நாலு பேர் இன்னொரு கோர்ட்டுக்கும் போய் மறுபடி மூன்று சுற்று. கடைசியில் ஒன்று முதல் எட்டு வரை வரிசை தானாக நிற்கும்.

எழுதுகிற சார்ட்டைக் கம்பி வேலியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுங்கள். எண்ணிக்கையைக் கேப்டன் எழுதக் கூடாது. மார்க்கரோ, அன்று ஆடாத ஒருவரோ எழுதட்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். அணி உடைவது இங்கேதான். கிளப்பில் எத்தனை வருடமாக இருக்கிறார், வீட்டுக்காரர் கமிட்டியில் இருக்கிறாரா, யாருடைய தோழி என்பதெல்லாம் பட்டியலுக்குள் நுழைந்தது என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், ஐந்தாவது ஆறாவது ஆட்கள்தான் முதலில் விலகுவார்கள். வேலியில் ஒட்டிய எண்ணுக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

வெளி அணிகளோடு ஆட வேண்டுமானால் ஒரு பொது அளவுகோலும் வேண்டும். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் என்டிஆர்பி என்ற ஆட்டத்தர அளவு 1.0 முதல் 7.0 வரை போகிறது. கிளப் பெண்கள் அணிக்கு அதில் நாலே படிதான் பொருந்தும். பந்து எங்கே வரும் என்று ஊகித்து, மெதுவான பந்தைச் சில முறை திருப்பி அடிக்கிறவர் 2.5. நடுத்தர வேகப் பந்தை ஓரளவு தவறாமல் அடித்து, திசையும் ஆழமும் இன்னும் கைவராதவர் 3.0. அதே பந்தை நினைத்த திசைக்கு அனுப்பத் தெரிந்தவர் 3.5. ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டிலும் திசையோடு ஆழமும் உள்ளவர் 4.0. உங்கள் படி என்ன என்று கேட்டால் பலர் அரைப் படி கூட்டியே சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, தன்னுடைய மிகச் சிறந்த ஷாட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். தொடர்ந்து பத்து முறை வருகிற ஷாட்டை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முடிவை வாட்ஸப் குரூப்பில் போடும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். குறிப்பாகப் போன வருடத்தைவிடக் கீழே இறங்கியவரிடம், எண்ணோடு, சுருக்கமாக: "அக்கா, வாலி நல்லா இருக்கு. செகண்ட் சர்வ் இருபதுக்குப் பதினாலு. இப்போ மூணாவது ஜோடியில ஆடுங்க, நாலு வாரம் கழிச்சு மறுபடி எண்ணிப் பார்ப்போம்." எப்போது திரும்ப ஏறலாம் என்பதைத் தேதியோடு சொல்வதுதான் இதில் முக்கியம். பட்டியலில் தனக்கு மேலே உள்ள இரண்டு இடம் வரை யாரையும் ஒரு செட் ஆட அழைக்கலாம், ஜெயித்தால் இடம் மாறும் என்று ஒரு விதி வைத்தால் மனத்தாங்கல் பாதி குறையும். வயதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். அரவிந்தர் ஆசிரமத்து டென்னிஸ் மைதானத்தில் அன்னை எண்பது வயது வரை ஆடிய ஊர் இது.

பட்டியல் கிடைத்ததும் ஜோடி வரிசை. பலமான ஜோடி முதலாவதாகவும், அடுத்தது இரண்டாவதாகவும் இறங்க வேண்டும் என்பது நியாயம். பலவீனமான ஜோடியை முதல் ஜோடி என்று பலிகொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அள்ளுவது பழைய தந்திரம். இதைத் தடுக்க எளிய வழி, இருவரின் பட்டியல் எண்ணைக் கூட்டுவது. கூட்டுத்தொகை குறைந்த ஜோடி முன்னால். 1, 6 சேர்ந்தால் 7. 2, 4 சேர்ந்தால் 6. எனவே 2, 4 முதல் ஜோடி. சமமாக வந்தால் கேப்டன் விருப்பம். ஆனால் இந்த விதியில் ஓர் ஓட்டை உண்டு. 2, 3 முதல் ஜோடி, கூட்டினால் 5. 4, 5 இரண்டாவது, கூட்டினால் 9. 1, 10 மூன்றாவது, கூட்டினால் 11. விதிப்படி சரி, ஆனால் கிளப்பின் முதல் ஆட்டக்காரர் மூன்றாவது கோர்ட்டில் போய் எதிரியின் கடைசி ஜோடியை அடித்து நொறுக்குவார். பட்டியலின் முதல் இருவர் மூன்றாவது ஜோடியில் வரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அடைபட்டுவிடும்.

ஜோடி சேர்க்கும்போது யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பது என்பதை அன்றைக்குக் கோர்ட்டில் போய்ப் பேசக் கூடாது. 40-30, 30-40, அட்வான்டேஜ் எல்லாம் அட்வான்டேஜ் பக்கத்தில்தான் ஆடப்படும். அங்கே பதறாதவர் நிற்க வேண்டும். வேகமாக அடிப்பவர் அல்ல. பேக்ஹேண்ட் தயங்குகிற வலது கைக்காரர் அந்தப் பக்கம் நின்றால் வெளியே போகும் சர்வ் எல்லாம் அவருடைய பேக்ஹேண்டுக்குத்தான் வரும். அதனால் பேக்ஹேண்டும் பொறுமையும் உள்ளவர் அங்கே, மற்றவர் டியூஸ் பக்கம். ஷட்டில்காரரையும் நிதானமாகப் பேஸ்லைனில் திருப்பி அடிப்பவரையும் சேர்ப்பது மூன்றாவது ஜோடிக்கு மிகப் பொருத்தமான கலவை: ஒருவர் பந்தை உயிரோடு வைத்திருப்பார், இன்னொருவர் முடிப்பார். இரண்டு தோழிகளைத் தோழமைக்காகவே சேர்ப்பது ஆபத்து. இருவரும் பின்னால் நின்றே பழகியவர்கள் என்றால் நெட் காலியாகக் கிடக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: டபுள்ஸில் ஒரு செட் முழுக்க ஒருவர் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். காகிதத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஜோடி முதல் கேம் வடக்கு முனையில் சர்வ் போடுகிறது. ஒற்றைப்படை கேம் முடிந்ததும் முனை மாறுவதால் 2, 3 தெற்கே, 4, 5 வடக்கே, 6, 7 தெற்கே. முதலாமவர் சர்வ் போடுவது 1, 5, 9, எல்லாம் வடக்கு. இரண்டாமவர் 3, 7, எல்லாம் தெற்கு. ஆகவே வெயிலில் யார், நிழலில் யார் என்பதைச் செட் தொடங்கும் முன் நீங்களே முடிவு செய்யலாம், அடுத்த செட்டில் மாற்றியும் கொள்ளலாம்.

கோர்ட் வடக்கு தெற்காக இருக்கும். தை, மாசிக் காலையில் சூரியன் தென்கிழக்கே. வடக்கு முனையில் நின்று தெற்கே பார்த்துச் சர்வ் போடும் இடது கைக்காரர் பந்தைத் தூக்கினால் நேராகச் சூரியனுக்குள் போகும். பாண்டியில் சித்திரை பத்து வாக்கில் உச்சி வெயில் தலைக்கு நேராக வந்து, அதன் பிறகு ஆவணி தொடக்கம் வரை சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அப்போது தெற்கு முனையில் நின்று வடக்கே பார்க்கும் வலது கைக்காரருக்குக் கண் கூசும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காலையில் வருடம் முழுக்க இடது கைக்காரர் தெற்கு முனை, வலது கைக்காரர் வடக்கு முனை. மாலை ஆட்டத்துக்கு அப்படியே தலைகீழ். இரண்டு பேரும் வலது கை என்றால் சர்வ் பலவீனமானவருக்கு நல்ல முனையைக் கொடுங்கள். பலமானவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது உள்ளே போட்டுவிடுவார்.

மாலையில் காற்றும் உண்டு. கடல் கிழக்கே இருப்பதால் கடற்காற்று கோர்ட்டுக்குக் குறுக்காக அடிக்கும், உயரத் தூக்கிய லாப் மேற்கே நகரும். கிழக்குக் கோட்டை ஒட்டித் தூக்கினால் நடுவில் விழும்; மேற்குக் கோட்டைக் குறிவைத்தால் வெளியேதான்.

சீசன் எப்போது என்பதில் பிடிவாதம் பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த அட்டவணையும் நிற்காது. பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை ஆறு ஞாயிறு கிடைக்கும். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு, அம்மாக்கள் யாரும் வரமாட்டார்கள். புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால் இரண்டு பக்கத்துப் பள்ளி நாள்காட்டியும் இப்போது ஒன்றாக இல்லை. கடலூர் அணியோடு ஆடுவதானால் இரண்டையும் வைத்துத் தேதி பாருங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரிக்குக் கூட்டம் கூடும், வண்டி நகராது. அந்த நாளைத் தொடாதீர்கள்.

வாரச் சுழற்சி இப்படி: திங்கள் குரூப்பில் வாக்கெடுப்பு, மூன்று பதில் மட்டும். வருவேன், வரமாட்டேன், ஆள் குறைந்தால் வருவேன். வியாழன் இரவு எட்டுக்கு மூடிவிட வேண்டும். வெள்ளி காலை ஆறு பேர், ஒன்று இரண்டு என்று வரிசையோடு இரண்டு மாற்று ஆட்கள். "ஆள் குறைந்தால்" என்ற பதில் இல்லாவிட்டால் பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள்.

தை மாதக் காலையில் சிந்தெடிக் கோர்ட்டில் பனி படிந்திருக்கும், அதில் கால் வழுக்கினால் கணுக்கால் போச்சு. ரப்பர் வைப்பர் போட்டுத் தள்ளி, ஏழு மணிக்குத் தொடங்குங்கள். ஓடுகிற ஷூ வேண்டாம். பக்கவாட்டில் நகரும்போது அதன் உயரமான அடிப்பகுதிதான் காலைப் புரட்டும். ஸ்கர்ட் கட்டாயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். லெகிங்ஸ், டிராக், சல்வார் எதுவானாலும் பந்து வைக்கப் பாக்கெட் இருந்தால் சரி. ஆடை மாற்ற அறையும் பூட்டுள்ள கழிப்பறையும் இருக்கிறதா என்று எதிர்க் கிளப்பில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தை உங்கள் ஊரில் வைத்துக்கொள்வது மேல்.

நெட் உயரத்தை நீங்களே பாருங்கள். உப்புக் காற்றில் கம்பியும் சுழற்றியும் துருப்பிடித்து நெட் தொங்கிப் போயிருக்கும். நடுவில் 3 அடி, அதாவது 91.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் ஒரு ராக்கெட்டை நட்டமாக நிறுத்தி, அதன் மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்காக வையுங்கள், ஏறக்குறைய அந்த உயரம் வரும்.

இரண்டு கேப்டன்களும் ஆட்ட வரிசையை எழுதி, ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். பார்த்த பிறகு திருத்தம் கிடையாது. முதல் பந்துக்கு முன் அடிபட்டால் மட்டும் மாற்று ஆள். நாலு பேர்தான் வந்தார்கள் என்றால் விட்டுக்கொடுப்பது மூன்றாவது ஜோடியைத்தான், முதலாவதை அல்ல. அம்பயர் இல்லாததால் தன் பக்கத்துக் கோட்டைத் தானே சொல்ல வேண்டும், சந்தேகம் என்றால் பாயின்ட் எதிராளிக்கு. சர்வ் போடுபவர் ஒவ்வொரு முறையும் ஸ்கோரை உரக்கச் சொன்னால் சண்டை பெரும்பாலும் வராது. இரண்டு செட், மூன்றாவதுக்குப் பதில் 10 பாயின்ட் டை-பிரேக் (இரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் 10 எட்டினால் வெற்றி) என்று வைத்தால் ஓர் ஆட்டம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணியில் முடியும். இரண்டு கோர்ட் என்றால் முதலில் ஒன்றாவது, மூன்றாவது ஜோடிகளை இறக்குங்கள். 1-1 என்று நிற்கும்போது எல்லோரும் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்க்க, புதிய ஜோடி தனியாக ஆடுவது கொடுமை. அந்த நெருக்கடி இரண்டாவது ஜோடிக்கு வரட்டும், அவர்கள் தாங்குவார்கள்.

பந்து விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதல் இரண்டு ஜோடிக்குப் புது டப்பா, மூன்றாவதுக்குப் போன வாரம் உடைத்தது. நல்ல பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 வரை எழும்பும், அதாவது பாதிக்கு மேல். இந்த ஊர்ப் புழுக்கத்தில் உடைத்த டப்பா இரண்டு வாரம் கிட் பையில் கிடந்தால் அது கிடைக்காது. பந்து எழும்பாத இடத்தில் ரேலி இழுக்கிற (பந்தை விடாமல் திருப்பித் திருப்பி அடிக்கிற) ஜோடிக்குத்தான் முதல் அடி விழும், அது பெரும்பாலும் நம்முடைய மூன்றாவது ஜோடிதான். மூன்று ஆட்டம் என்றால் மூன்று புது டப்பா. மூன்றாவது ஜோடி கோர்ட்டுக்குள் போகும்போது டப்பாவை உடைக்காமல் அவர்கள் கையில் கொடுங்கள்.